லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை அழித்தவர் யார்?

பாய்மரம்:
இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டியுள்ள லிண்டிஸ்ஃபார்ன், நாளுக்கு இருமுறை கடல் வற்றும்போது நிலத்தோடு சேர்ந்தும், கடல் ஏறும்போது தீவாகப் பிரிந்தும் நிற்கும் இடம். நார்த்தம்பிரியா என்ற வட இங்கிலாந்து நாட்டின் அரசர் ஆஸ்வால்டின் அழைப்பை ஏற்று ஐயோனா தீவிலிருந்து வந்த ஐரிஷ் துறவி ஏடன், 635-இல் இங்கு ஒரு மடத்தை நிறுவினார். புனித கத்பர்ட் ஆயராக (பிஷப்பாக) இருந்ததும், 687-இல் இறந்தபின் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். 793 ஜூன் 8 அன்று வைக்கிங்குகள் கடல்வழியே வந்து இம்மடத்தைச் சூறையாடினார்கள். கூரையிழந்து நிற்கும் அதன் செந்நிறச் சுவர்களின் படத்தை இங்கே இட்டு, 'வைக்கிங்குகள் அழித்த மடம்' என்று நான் எழுதிய தலைப்பை இருவர் மறுத்திருக்கிறார்கள். என்ன பிழை என்பதை அவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

கல்தச்சன்:
மறுத்தவர்களில் நானும் ஒருவன். முதற்பிழை கல்லிலேயே இருக்கிறது, நண்பரே. ஏடனுக்குப்பின் ஆயரான ஃபினான் இத்தீவில் கட்டிய தேவாலயம், ஐரிஷ் வழக்கப்படி கருவாலி மரத்தைப் பிளந்து கட்டி நாணலால் வேயப்பட்டது என்றும், பின்னர் வந்த ஆயர் எட்பர்ட் நாணலை நீக்கிவிட்டுக் கூரையையும் சுவர்களையும் ஈயத் தகடுகளால் மூடினார் என்றும் 8-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான துறவி பீட் எழுதியிருக்கிறார். அந்த மரக் கோயிலில் ஒரு சிராய்கூட உங்கள் படத்தில் இல்லை. படத்தில் இருப்பது, நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், டர்ஹாமின் பெனடிக்ட் சபைத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கிளை மடம். அதன் பருத்த தூண்களில் செதுக்கியிருக்கும் நெளிகோடுகளை டர்ஹாம் பேராலயத் தூண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பட்டறையில் பழகிய கைகள் என்றே தோன்றும். ஸ்காட்லாந்துடனான போர்களின்போது இத்துறவிகள் தம் மடத்தைக் கோட்டைபோல் அரண் செய்துகொண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். அதைக் கலைத்தது 1537-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி. தேவாலயம் படைக்கலக் கிடங்காயிற்று. கட்டடங்களின் கற்கள், அடுத்திருந்த பாறை முகட்டில் 1550-ஐ ஒட்டி எழுந்த கோட்டைக்குப் போயின. நடுக்கோபுரம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானாகவே சரிந்தது. அக்கோபுரத்தைத் தாங்கிய குறுக்கு விலாக்களில் ஒன்று மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. 'வானவில் வளைவு' என்று எல்லோரும் படமெடுப்பது அதைத்தான். இந்தச் சுவர்களில் வைக்கிங்குகளின் கோடரி பட்டிருக்க வழியே இல்லை.

பாய்மரம்:
கற்களைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். படத்தை வைத்து அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் மடம் என்பது சுவர் மட்டுமன்று, அதில் வாழ்ந்த சமூகமும்தான். அந்தச் சமூகத்தை உடைத்தது 793 என்பதே என் வாதம். அவ்வாண்டு மின்னலும் வானில் பறந்த நெருப்பு நாகங்களும் தோன்றின, பஞ்சம் வந்தது, பின்னர் புறச்சமயத்தார் லிண்டிஸ்ஃபார்னின் கோயிலைக் கொள்ளையாலும் கொலையாலும் அழித்தார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. நாகங்களை விட்டுவிடுவோம். யார்க்கில் கல்வி கற்று, பிராங்கிய மன்னர் சார்லமேனின் அவையில் இருந்த அறிஞர் ஆல்குவின், செய்தி கேட்டதும் எழுதிய கடிதங்களிலும் இரத்தம் சிந்தப்பட்ட பலிபீடத்தைப் பற்றிய ஓலம் கேட்கிறதே! அத்தீவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல்லில், ஆயுதம் ஓங்கிய ஏழு ஆடவர் வரிசையாக வருவது செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காயம் நெடுங்காலம் ஆறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஓலைநறுக்கு:
ஆல்குவினின் கடிதத்தைச் சான்றாகக் கொள்வோர், அது யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். லிண்டிஸ்ஃபார்னின் ஆயர் ஹிக்பால்டுக்கும் எஞ்சியிருந்த அவருடைய துறவிகளுக்குமே அவர் எழுதுகிறார். குடிவெறியை விடுங்கள், ஆடம்பர ஆடையைத் தவிருங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறுகிறார். சிறைபிடித்துச் செல்லப்பட்ட சிறுவர்களை மீட்பது குறித்து மன்னர் சார்லமேனிடம் பேசுவதாகவும் சொல்கிறார். இடிந்துபோன மடத்துக்கு எவரும் ஒழுக்க அறிவுரை அனுப்புவதில்லை. ஹிக்பால்டு 803 வரை ஆயராகவே இருந்தார். அவருக்குப் பின்னும் ஆயர் வரிசை அறுபடவில்லை.

இன்னொன்றும் உண்டு. எட்ஃபிரித் ஆயர் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதாகச் சொல்லப்படும் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியும், கத்பர்ட்டின் உடல் இருந்த கருவாலிப் பேழையும் சூறையாடலுக்குப் பின் அச்சமூகத்தின் கையிலேயே இருந்தன. பொன்னும் வெள்ளியும் போயின, மனிதர்கள் போனார்கள். ஆனால் மடத்தின் உயிர் என்று துறவிகள் கருதியவை போகவில்லை. சிலரைக் கடலில் மூழ்கடித்தார்கள் என்பது போன்ற விவரங்கள், மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் டர்ஹாம் துறவி சிமியோன் எழுதியவை.

நீங்கள் சொல்லும் கல்லின் மறுபக்கத்தையும் பாருங்கள். அங்கே ஒரு சிலுவை, அதன் இருபுறமும் ஞாயிறும் திங்களும், கீழே வணங்கும் இருவர். அது இறுதித் தீர்ப்பு நாளின் காட்சி என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பு சரியென்றால், அந்த எழுவர் வைக்கிங்குகளாக இருந்தே ஆகவேண்டியதில்லை.

பாய்மரம்:
உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆயர் எக்ரெட், ஏடன் காலத்து மரக் கோயிலைத் தீவிலிருந்து பெயர்த்து உள்நாட்டில், ட்வீட் ஆற்றங்கரையில் உள்ள நார்ஹாமுக்குக் கொண்டுபோனதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. கடலைக் கண்டு அஞ்சியவர்களின் செயலாக அது உங்களுக்குத் தோன்றவில்லையா? 875-இல் ஆயர் எர்டல்ஃபும் துறவிகளும் கத்பர்ட்டின் பேழையைத் தூக்கிக்கொண்டு தீவையே விட்டுப் போனார்களே, அது 793-இல் விழுந்த அடியின் கடைசி விளைவன்றி வேறென்ன?

கல்தச்சன்:
இடையில் 82 ஆண்டுகள் இருக்கின்றன. 793-இல் வந்தவர்கள் கோடையில் வந்து கொள்ளையடித்துவிட்டுக் கப்பலேறியவர்கள். 875-ஐ ஒட்டி டைன் ஆற்றங்கரையில் வைக்கிங் படைத்தலைவன் ஹால்ஃப்டான் நிறுத்தியதோ நாட்டைப் பிடித்துக் குடியேற வந்த படை. இரண்டையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக்குவது கதைக்கு அழகு, வரலாற்றுக்கு அல்ல. நார்ஹாம் இடமாற்றத்துக்கு அச்சமும் காரணமாயிருக்கலாம் என்பதை மறுக்கமாட்டேன்.

ஆனால் அதன்பின் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேழையோடு ஏழாண்டுகள் அலைந்த அச்சமூகம் 883-இல் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் குடியேறியது. டைன், வேர் (Wear) ஆகிய ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை அதற்குக் கொடுத்தவன் டேனிய மன்னன் கத்ரெட் என்று அச்சமூகத்தின் வரலாற்று நூலே எழுதிவைத்திருக்கிறது! 995-இல் டர்ஹாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வட இங்கிலாந்தின் பெரும் நிலவுடைமையாளர்களில் ஒன்று.

ஓலைநறுக்கு:
நார்த்தம்பிரிய அரசர் எத்தல்ரெட்டுக்கு ஆல்குவின் எழுதிய கடிதத்தில் ஒரு வரி எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். தாடியிலும் தலைமயிரிலும் உங்கள் மக்கள் அந்தப் புறச்சமயத்தாரைப் போலவே இருக்க விரும்பினீர்களே என்று கடிந்துகொள்கிறார். சூறையாடலுக்கு முன்பே நார்த்தம்பிரியர்கள் அவர்களை அறிந்திருந்தார்கள், அவர்களுடைய சிகையலங்காரத்தைப் பின்பற்றும் அளவுக்குப் பழகியிருந்தார்கள் என்றுதான் இதைப் படிக்கமுடிகிறது. 793-ஐ முன்பின் தெரியாதவர்கள் திடீரெனக் கடலிலிருந்து முளைத்த நாளாகக் காட்டும் வழக்கத்துக்கு இந்த ஒரு வரியே போதிய தடை.

பாய்மரம்:
அந்த வரியை நான் அறியேன், நன்றி. தலைப்பை '12-ஆம் நூற்றாண்டு மடம், 1537-இல் கலைக்கப்பட்டது' என்று மாற்றுகிறேன். ஆயினும் 793-ஐ இரண்டாம் வரியில் வைத்துக்கொள்வேன். மன்னர் பணம் கொடுத்தாலும் அந்தச் சிறுவர்கள் திரும்பி வந்தார்கள் என்று எந்தக் கடிதமும் சொல்லக் காணோம்.

கல்தச்சன்:
இரண்டாம் வரிக்கு எனக்கு மறுப்பில்லை.