பிள்ளைகளின் பதில் ஸ்மார்ட் போர்டில் வரமாட்டேன் என்கிறது, அவசரம்

மேல்மலை டீச்சர்:
வணக்கம். ஐந்தாம் வகுப்புக்குப் பேகன் கதை சொல்லிவிட்டு, "மயிலுக்குப் போர்வை கொடுத்தது சரியா?" என்று ஆன்லைனில் கேள்வி போட்டேன். பிள்ளைகள் எழுதி அனுப்பியும் விட்டார்கள். போர்டில் ஒன்றுகூட வரவில்லை. நாளை காலை பெற்றோர் கூட்டத்தில் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

குன்னூர்க்காரன்:
எதில் போட்டீர்கள் டீச்சர்? கூகுள் கிளாஸ்ரூமா, எல்லோரும் பதில் ஒட்டும் ஆன்லைன் பலகை பேட்லெட்டா, வாட்ஸ்அப் குரூப்பா? பிள்ளைகள் எதிலிருந்து அனுப்பினார்கள்?

மலைப்பூண்டு:
டவர் பிரச்சினைதான், வேறென்ன. எங்கள் கொடைக்கானல் மேல்மலை மன்னவனூரில் மூடுபனி இறங்கினால் போனே பேசாது. வெயில் வந்ததும் திறந்து பாருங்கள்.

கீழ்மலை சார்:
பிள்ளைகளுக்கு ஜிமெயில் இருக்கிறதா? 13 வயது ஆகாமல் அவர்களாகவே கூகுள் கணக்குத் தொடங்க முடியாது. அங்கேதான் இடிக்கும். பேசாமல் கூகுளின் ஆன்லைன் பலகை ஜாம்போர்டுக்கு மாறிவிடுங்கள். படமும் வரையலாம்.

பழைய தலைமையாசிரியர்:
ஜாம்போர்டை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கூகுளே மூடிவிட்டது. இதுகூடத் தெரியாமல் வழிகாட்ட வந்துவிடுகிறார்கள். டீச்சருக்கும் ஒன்று. கேள்வியே தவறு. கடையெழு வள்ளல்களில் ஒருவன் கொடுத்தது சரியா என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்பதா? முதலில் பாடம், அப்புறம் பலகை.

மேல்மலை டீச்சர்:
பேட்லெட் சார். நான்கு டேப், முறை வைத்து அனுப்பினார்கள். தட்டத் தெரியாதவர்கள் மைக்கில் பேசினார்கள், அதுவே எழுதிக்கொண்டது. என் போனில் எல்லாம் தெரிகிறது. போர்டில்தான் இல்லை.

குன்னூர்க்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! போனில் உங்கள் கணக்கில் இருக்கிறீர்கள், போர்டில் வெறும் லிங்கைத் திறந்திருக்கிறீர்கள். சரியா? அப்படியானால் 'ஒப்புதல் தந்த பிறகே காட்டு' என்ற மாடரேஷன் அமைப்பு போட்டிருக்கும். ஒப்புதல் கொடுக்கும்வரை பதிவு உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. போனில் ஒவ்வொரு பதிவிலும் ஒப்புதல் பொத்தான் இருக்கிறதா, பாருங்கள். பதில் எழுதக் கணக்கே வேண்டாம், கீழ்மலை சார் சொன்ன ஜிமெயில் கதை இதற்கில்லை.

மலைப்பூண்டு:
தலைமையாசிரியர் ஐயா கோபிக்க வேண்டாம். டிசம்பரில் எங்கள் பூண்டு வயலில் உறைபனி படியும். அப்போது மயிலுக்குப் போர்வை கொடுத்தால் பனியில் நனைந்து கனத்துப்போகும், பிறகு எப்படிப் பறக்கும்? பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள்.

பழைய தலைமையாசிரியர்:
மயில் குளிரில் நடுங்கவே இல்லை. தோகை விரித்து ஆடியதைப் பேகன் நடுக்கம் என்று நினைத்தான். சிலிர்க்கும் கருணை அது. போர்வையின் கனத்தை எடை போடுவது இலக்கியம் ஆகாது.

வையாவி:
ஆடியது என்பது பின்னால் சொல்லும் கதை ஐயா. புறநானூறு 145-ஆம் பாட்டில் சங்கப் புலவர் பரணர் "பனிக்கும்" என்கிறார், அதாவது நடுங்கும் என்று இரங்கிக் கொடுத்தானாம். 141-இல் அவரே "உடாஅ போரா ஆகுதல் அறிந்தும்" என்கிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான். போர்வை மயிலுக்கு ஆகாது என்ற பிள்ளையின் சந்தேகம் பரணருக்கே இருந்திருக்கிறது! அந்தக் கேள்வி தவறே இல்லை. பேகன் ஆண்டது பழனிப் பக்கம் வேறு. பொதினி என்பது பழனியின் பழைய பெயர். மேல்மலைப் பிள்ளைகள் கேட்காமல் யார் கேட்பது?

பழைய தலைமையாசிரியர்:
இரண்டு அடி தெரிந்தால் போதுமா? 143 முதல் 147 வரை பேகன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்ததற்காகப் புலவர்கள் அவனைக் கேட்கிறார்களே, அதையும் ஐந்தாம் வகுப்பில் போடுவீர்களா?

வையாவி:
போட மாட்டேன். ஆனால் வள்ளலையே கேள்வி கேட்டவர்கள் புலவர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கீழ்மலை சார்:
விஷயத்துக்கு வாருங்கள். அந்த ஒப்புதல் அமைப்பை எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே?

குன்னூர்க்காரன்:
எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள், லிங்க் வெளியே போனால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிடலாம். பெற்றோர் முன்னால் திரையில் போடப்போகிறீர்கள், ஒவ்வொன்றாகப் படித்து ஒப்புதல் கொடுப்பதே நல்லது. முழுப் பெயர் வேண்டாம், முதல் எழுத்து போதும்.

மேல்மலை டீச்சர்:
ஒப்புதல்தான் சார். 19 பதிலும் போர்டில் வந்துவிட்டது. நன்றி. கூட்டத்துக்குக் கிளம்புகிறேன்.

மலைப்பூண்டு:
டீச்சர், எத்தனை பேர் சரி என்றார்கள், எத்தனை பேர் தப்பு என்றார்கள்?

மலைப்பூண்டு:
டீச்சர்?