வேலைகளை இணைப்பதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் டேட்டாபேஸில் டேபிளை எப்படி அமைப்பீர்கள்?

ஹாபர்_பக்கம்:
புறக்கோட்டையில், துறைமுகத்துக்கு வரும் சாமான்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்துக்கு வெப் ஆப் செய்துகொண்டிருக்கிறேன். எந்தக் கொன்டெய்னர் வந்தாலும் அதற்காக ஓடித் திரியும் வார்ஃப் கிளார்க்மாருக்கு ஏறக்குறைய ஒரே வேலைகள்தான். ஷிப்பிங் ஏஜென்டிடம் டெலிவரி ஓர்டர் (சாமானை விடச் சொல்லும் கடிதம்) எடுப்பது, சுங்கத்தின் கணினி அமைப்பான அசிகுடாவில் கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்) போடுவது, டியூட்டி கட்டுவது, பரிசோதனை விழுந்தால் ஒருகொடவத்தை யார்டுக்கு ஓடுவது, லொறி, கடைசியில் வெறும் கொன்டெய்னரைத் திருப்பிக் கொடுப்பது.

இதெல்லாம் இப்போது 1, 2, 3 என்று எண் போட்ட எக்செல் ஷீட்டில் ஓடுகிறது. ஆனால் நடப்பு அப்படி இல்லை. டெலிவரி ஓர்டருக்கு ஒருவர் போகும்போதே இன்னொருவர் டியூட்டியைக் கட்டுகிறார். லொறி உள்ளே போக இரண்டுமே முடிந்திருக்க வேண்டும். நாலாம் குறுக்குத் தெருக் கடைக்குப் பருப்பு வந்தால் நடுவில் உணவுப் பரிசோதனை, துணி வந்தால் அது இல்லை. பிந்தினால் டிமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும், அந்தக் காசு சின்ன யாவாரியின் தலையில்தான் விழும். எனவே ஃபோனைத் திறந்ததும் இப்போது எதைச் செய்யலாம், எது எதற்காக நிற்கிறது என்பது கிளார்க்குக்குத் தெரிய வேண்டும். டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் பாவிக்கிறேன்.

தெகிவளை_டெவ்:
எதற்குப் பிறகு எது என்பதை வரிசை எண்ணில் வைக்க வேண்டாம். 'இணைப்பு' என்று தனி டேபிள் போடுங்கள், இரண்டே கொலம்: முந்தியது, பிந்தியது. லொறிக்கு அதில் இரண்டு வரி (ரோ) வரும். 'தயார்' என்ற நிலையைச் சேமிக்காதீர்கள். முந்தியவை எல்லாம் முடிந்தனவா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பெறுங்கள். சேமித்தால், யாராவது டியூட்டியைத் திரும்பத் திறந்த பிறகும் லொறி 'தயார்' என்றே நிற்கும்.

வட்டம்தான் பெரிய ஆபத்து. கஸ்டெக் டியூட்டிக்கும் டியூட்டி கஸ்டெக்குக்கும் காத்திருந்தால் இரண்டுமே திறக்காது. புது இணைப்பைப் போடும் முன், பிந்தியதிலிருந்து கிளம்பி முந்தியதை எட்ட முடிகிறதா என்று வித் ரிகர்சிவ் (இணைப்புகளைத் தொடர்ந்து பின்பற்றிப் போகும் எஸ்க்யூஎல் கேள்வி) மூலம் பாருங்கள்; எட்டினால் மறுத்துவிடுங்கள். வட்டத்தைக் கண்டுபிடிக்க போஸ்ட்கிரெஸ் 14 முதல் அதில் சைக்கிள் என்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் இரண்டு கிளார்க் ஒரே நொடியில் எதிரெதிராக இணைத்தால் இரண்டு சோதனையும் தேறிவிடும். அதனால் சோதிக்கும் முன் அந்த ஷிப்மென்டின் வரியை செலக்ட் ஃபோர் அப்டேட் போட்டுப் பூட்டுவது அவசியம்.

கொச்சிக்கடை_கோட்:
திரையில் காட்டும் வரிசைக்கு ஆர்தர் கான் 1962இல் எழுதிய முறையே போதும். எதற்கும் காத்திராத வேலைகளை எடுத்து, அவற்றின் இணைப்புகளைக் கழித்து, புதிதாக விடுபட்டவற்றை எடுத்துக்கொண்டே போவது. பைதன் என்றால் 3.9 முதல் இப்படி வரிசைப்படுத்தும் கிராஃப்லிப் என்ற நூலகம் கூடவே வருகிறது. ஒரே நேரத்தில் நாலு வேலை விடுபட்டால் எது மேலே என்பதற்கு மட்டும் கிளார்க் திரையில் மேலே கீழே இழுத்து வைத்த வரிசை எண்ணைப் பாருங்கள். இடையில் செருக 1.5, 1.25 என்று பாதியாக்கச் சிலர் சொல்வார்கள். ஒரே இடத்தில் ஐம்பது தடவை மட்டில் செருகினால் டபிளில் (தசம எண் வகை) இடம் தீர்ந்துவிடும். உங்களுக்கு அது எதற்கு? இருபது வேலையைப் புதிதாக எண்ணுவது ஒரு பாரமே இல்லை.

அப்புறம், வேலையை அழிக்க விடாதீர்கள். டியூட்டிக்கும் லொறிக்கும் நடுவில் பரிசோதனையை இணைத்திருக்கும்போது, அது விழவில்லை என்று அழித்தால் அதன் இணைப்புகளும் போய்விடும், டியூட்டி கட்டும் முன்னரே லொறி 'தயார்' என்று காட்டும். 'தேவையில்லை' என்று ஒரு நிலை வையுங்கள். அதற்கு முந்தியவை முடிந்த பிறகே அதை முடிந்ததாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹாபர்_பக்கம்:
'தேவையில்லை' எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஒன்று மிச்சம். ஒரே பில் ஒஃப் லேடிங்கில் (கப்பல் கம்பனி தரும் சரக்குப் பத்திரம்) மூன்று கொன்டெய்னர் வந்தால், மூன்றும் வெறுமையாகத் திரும்பிய பிறகுதான் கொன்டெய்னருக்குக் கட்டிய டெபொசிட்டைத் திருப்பிக் கேட்கலாம். இப்போது ஒவ்வொரு கொன்டெய்னரும் எனக்கு ஒரு ஷிப்மென்ட்.

தெகிவளை_டெவ்:
அப்படியென்றால் பில்லையே ஷிப்மென்டாக வையுங்கள், கொன்டெய்னர்கள் அதற்குக் கீழே. டெலிவரி ஓர்டர், கஸ்டெக், டெபொசிட் எல்லாம் பில்லின் வேலை. லொறியும் வெறும் பெட்டியும் கொன்டெய்னரின் வேலை. டெபொசிட்டுக்கு மூன்று இணைப்பு வரி. பூட்டுவதும் பில்லின் வரியைத்தான். இணைப்பு ஒரு பில்லைத் தாண்டாதவரை அந்த ஒரு பூட்டே போதும்.