மலைக்குளிரிலும் வியர்க்க வைக்கும் படுக்கை: மெத்தை, டாப்பர், போர்வை பற்றிய அனுபவங்கள்

கோத்தகிரி, ஹோம்ஸ்டே நடத்துபவர்:

எங்கள் ஹோம்ஸ்டே அறைகளில் மெத்தைக்கு மேல் மெமரி ஃபோம் டாப்பர், அதாவது உடல் அழுத்தத்துக்கு ஏற்பக் குழியும் நுரை விரிப்பு, போட்டிருந்தோம். சென்ற டிசம்பரில் சென்னையிலிருந்து வந்து தங்கிய பெரியவர் ஒருவர், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அறை விளக்கைப் போட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் புகை வரும் குளிர் அது. நெஞ்சுவலியோ என்று பதறிப்போய் விசாரித்தேன். "உடம்புக்கு ஒன்றுமில்லையம்மா, படுக்கைதான் கொதிக்கிறது" என்றார்.

விரிப்பை விலக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அவர் படுத்திருந்த இடம் மட்டும் ஆளின் அளவுக்குக் குழிந்து, வெதுவெதுப்பாகவும் லேசான ஈரத்துடனும் இருந்தது. ஒரு சாண் தள்ளிக் கை வைத்தால் ஜில்லென்று, பலகை போல விறைத்திருந்தது. மாலையில் இதே பெரியவர் மெத்தை மிகவும் கெட்டியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரே டாப்பர் ஒரே இரவில் இந்த இரண்டு குறைகளையும் எப்படித் தர முடியும் என்ற கேள்வி என் மனத்தை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

உதகை, காந்தல்:

கோத்தகிரிச் சகோதரி கண்ட இரண்டு குறைகளும் ஒரே காரணத்தால் வருபவை. மெமரி ஃபோம் என்பது வெப்பம் பட்டால் இளகி, குளிரில் இறுகும் ஒருவகைப் பாலியூரித்தேன் நுரை. 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் பணிக்காக, இருக்கையில் அமர்ந்திருப்பவரை மோதலின் வேகத்திலிருந்து காக்கவே அது முதலில் உருவாக்கப்பட்டது. உடலைச் சுற்றி அணைத்துத் தாங்குவதுதான் அதன் வேலை. அப்படி அணைக்கும்போது முதுகுக்கும் நுரைக்கும் இடையில் காற்றுக்கு வழியில்லாமல் போகிறது. உடல் வெளியேற்றும் சூடு அந்தக் குழிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டுக்கு அது ஜனவரியில், உறைபனி விழும் நாள்களில், காற்றை உறிஞ்சிச் சுருட்டிய பார்சலாக வந்தது. பிரித்து விரித்தும் எழும்பவே இல்லை. என் மகள் கட்டைவிரலால் அழுத்தினாள். அந்தக் குழி அவள் பள்ளிக்குப் புறப்படும் வரை அப்படியே நின்றது. மதிய வெயில் அறைக்குள் வந்த பிறகுதான் நுரை மெல்லக் கிளம்பியது. அன்றிரவே அதில் படுத்த மனைவி விடியுமுன் எழுந்து கீழே ஜமக்காளத்தில் படுத்துவிட்டார். மலையில் இருப்பவர்கள் மெமரி ஃபோம் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

என்னுடையது வேறு விதம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருக்கிறேன். திடீரென்று கழுத்திலிருந்து தலை வரை அனல் ஏறி, வியர்த்து, ஐந்து நிமிடத்தில் அந்த வியர்வையே குளிர்ந்து நடுங்க வைக்கும். இந்த வயதுப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. எங்கள் கட்டிலில் சாதாரணப் பஞ்சு மெத்தைதான். ஆனால் அதன்மேல் நீர் புகாத புரொடெக்டர் (மெத்தை உறை) ஒன்றை என் மகன் வாங்கிப் போட்டிருந்தான். மேலே தடித்த மிங்க் கம்பளி, அதாவது ரோமம் போல மெத்தென்ற பாலியெஸ்டர் போர்வை.

ஒரு நாள் இரவு புரண்டு படுத்தபோது அடியில் சரசரவென்று ஒரு பிளாஸ்டிக் ஓசை கேட்டது. விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. மேலே பாலியெஸ்டர், கீழே பிளாஸ்டிக் பூச்சு, நடுவில் வியர்வை போக இடமில்லாமல் நான் என்பது அந்த ஓசையில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மறுநாளே புரொடெக்டரை உருவிப் போட்டுவிட்டு, பழைய பருத்திச் சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பு ஒன்றை மெத்தைமேல் போட்டேன். மிங்க் கம்பளிக்குப் பதில் மெல்லிய போர்வைகள் இரண்டு. அனல் வரும்போது ஒன்றைக் காலால் தள்ளிவிடலாம். நடுக்கம் வந்தால் இழுத்துக்கொள்ளலாம். என் கணவருக்கு எப்போதும் குளிர்தான் என்பதால் மிங்க் கம்பளி அவருக்குப் போய்விட்டது. ஒரே கட்டிலில் தனித்தனிப் போர்வை என்பதைப் பல வீடுகளில் ஏதோ மனத்தாங்கலின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கூடலூர்:

காந்தல் நண்பர் "மலையில் இருப்பவர்கள்" என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதை ஏற்க முடியவில்லை. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது; கூடலூர் அதில் பாதி உயரம்தான். எங்களுக்கு உறைபனி அல்ல, தென்மேற்குப் பருவமழைதான் பிரச்சினை. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை துணி காய்வதில்லை. இங்கே படுக்கை சூடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஈரத்தைப் பற்றித்தான். ஈரம் ஏறிய காற்றில் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. நுரை எந்த வகையானாலும் இந்தக் கணக்கு மாறாது.

சென்ற ஆகஸ்டில் அம்மாவின் அறையில் ஒரு புழுங்கல் நாற்றம் வந்ததால், தம்பியும் நானும் மெத்தையைத் தூக்கி நிறுத்தினோம். அடியில் இருந்த பிளைவுட் பலகையில் அம்மா படுக்கும் இடம் மட்டும், தோள் முதல் இடுப்பு வரை, கருப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. மெத்தையின் மேற்புறம் கைக்குக் காய்ந்தே இருந்தது. உடலிலிருந்து இறங்கும் நீராவி மெத்தையைக் கடந்து கீழே போய், குளிர்ந்த பலகையில் பட்டு நீராகியிருக்கிறது. அது வெளியேற ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. அம்மா மாதக்கணக்கில் "ராத்திரி புழுங்குதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்; நாங்கள் ஃபேன் போட்டுக்கொண்டிருந்தோம்.

பிளைவுட்டை எடுத்துவிட்டு, இடைவெளி விட்ட மரச்சட்டங்களைத் தச்சரை வைத்து அடித்தோம். சுவரை ஒட்டியிருந்த கட்டிலையும் ஒரு முழம் தள்ளிப் போட்டோம். டாப்பர் வாங்குவதற்கு முன் எல்லோரும் மெத்தையை ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல்:

பழனி மலைக்காரனுக்கும் இங்கே இடம் உண்டு என்று நினைக்கிறேன். என் அனுபவம் சிறியது. குளிர்ச்சி தரும் ஜெல் டாப்பர் என்று ஒன்றை வாங்கினேன். படுத்தவுடன் முதுகில் ஜில்லென்று இருந்தது. தூக்கம் பிடிக்கும் நேரத்துக்குள் அந்த ஜில் போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு இது பற்றி நிறையப் படித்தேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தூங்கும்போது உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. கைகளிலும் பாதங்களிலும் இரத்தக்குழாய்கள் விரிந்து, உடல் தன் சூட்டை வெளியே தள்ளுவதால்தான் தூக்கமே வருகிறது. படுக்கை அந்தச் சூட்டை ஏற்றுக் கடத்த வேண்டும். ஜெல் செய்வது முதல் கட்ட வேலை மட்டுமே. அது சூட்டை வாங்கிக்கொள்ளும். உடலின் அளவுக்குச் சூடேறியதும் அதனால் மேலும் வாங்க முடியாது. தோலின் வெப்பத்தை ஒட்டி உருகும் மெழுகு போன்ற பொருளைத் துணியில் சேர்த்து விற்கிறார்கள் அல்லவா, அதற்கும் இதே எல்லைதான். முழுவதும் உருகி முடித்தால் அதன் வேலை முடிந்தது. இரவு முழுவதும் வேலை செய்வது காற்றோட்டம் மட்டுமே. அதனால் டாப்பர் வேண்டும் என்றால் துளைகள் உள்ள லேடெக்ஸ் (ரப்பர் பால் நுரை) வாங்குங்கள். அது உடனே மீண்டெழும்; உடலை விழுங்காது; குளிரில் மெமரி ஃபோம் அளவுக்கு இறுகவும் இறுகாது. எடை மட்டும் அதிகம், தனியாளாகத் தூக்கிப் புரட்ட முடியாது.

விரிப்பில் நூல் எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத்தில் உள்ள நூல்கள்) ஆயிரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். முறுக்கிச் சேர்த்த ஒரு நூலை இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணித்தான் அந்தக் கணக்குக்கு வருகிறார்கள். 200 முதல் 400 வரை உள்ள, ஒன்று மேல் ஒன்று கீழ் என்று சாதாரணமாக நெய்த பருத்தி விரிப்பு போதும். கரூரிலும் சென்னிமலையிலும் நல்லதாகவே கிடைக்கிறது. பளபளப்பான சாட்டின் நெசவு தோலோடு படிந்து ஒட்டும். போர்வைக்கு அசல் ஆட்டு ரோமக் கம்பளியே சிறந்தது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் அது கைக்கு நனைந்ததாகத் தெரியாது. மிங்க் கம்பளிக்கு அந்தக் குணம் இல்லை. குன்னூர் ஆசிரியை அவர்கள் புரொடெக்டரை முழுவதும் எடுத்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறு குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டில் அது வேண்டும். அதன்மேல் தடித்த பருத்தி விரிப்பு ஒன்றைப் போட்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்.

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியை:

கொடைக்கானல் தம்பிக்கு நன்றி. எங்கள் வீட்டில் குழந்தையும் இல்லை, படுக்கையோடு இருப்பவரும் இல்லை. ஆகவே புரொடெக்டர் திரும்ப வராது. ஆட்டு ரோமக் கம்பளி கழுத்தில் அரிக்கிறது என்பதால் பருத்தி உறை போடாமல் என்னால் போர்த்த முடியாது.

அருவங்காடு:

இலவம்பஞ்சை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இன்றும் போடியிலிருந்து வந்த பஞ்சில் தைத்த மெத்தைதான். இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் காற்று நிறைந்த குழல். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை எளிதில் வாங்காது. கோடையில் வந்த என் மருமகன், ஏசி இல்லாமல் இவ்வளவு ஆழ்ந்து தூங்கியதில்லை என்று சொன்னபோது, மெத்தையின் ஓரத் தையலைச் சற்றுப் பிரித்து ஒரு பிடி பஞ்சை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கையில் எடையே தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

குறையும் உண்டு. நாளடைவில் பஞ்சு கட்டிப்பட்டு நடுவில் பள்ளம் விழும். பிறகு அந்தப் பள்ளத்தில் மெமரி ஃபோம் போலவே புழுங்கும். கோத்தகிரிச் சகோதரி விருந்தினர் அறைக்கு இதைப் போடுவதாக இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் தைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்து அடைத்ததாகிவிடும். வெயில் அடிக்கும் நாள்களில் இரு பக்கமும் புரட்டிக் காய வைத்து, மாலைப்பனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பஞ்சைப் பிரித்துத் தட்டும்போது தூசி பறக்கும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கோத்தகிரி, ஹோம்ஸ்டே நடத்துபவர்:

அனைவருக்கும் நன்றி. கூடலூர்க்காரர் சொன்னபடி இன்று எல்லா அறைகளிலும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். வடக்குச் சுவரை ஒட்டிய கட்டிலின் அடியில் பூஞ்சணம் தொடங்கியிருந்தது. அந்த அறைக்குச் சட்டக் கட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன். டாப்பரை எல்லா அறைகளிலிருந்தும் எடுத்துவிட்டேன். இடுப்புவலி உள்ள விருந்தினர் கேட்டால் மட்டும், தடித்த பருத்தி விரிப்போடு போட்டுத் தரப்போகிறேன். அருவங்காடு ஐயா, மெத்தை தைக்க ஆள் உங்கள் பக்கம் கிடைப்பாரா, அல்லது மேட்டுப்பாளையம் வரை இறங்க வேண்டுமா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.