பழைய வணிகத் தரவுத்தளம்: சிஎஸ்வி போதுமா, முழு சர்வரையும் வைக்க வேண்டுமா?

பழையகோப்பு:
எங்கள் நிறுவனத்தில் 1997 முதல் ஓடும் விற்பனை மென்பொருளை நிறுத்தப் போகிறோம். தரவு ஆரம்பத்தில் ஃபாக்ஸ்புரோவில் இருந்தது, 2006-இல் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாறினோம். சுமார் 400 டேபிள்கள். புதிய மென்பொருளுக்குக் கடைசி மூன்று வருடத் தரவுதான் போகும். மீதியை இன்னும் இருபது வருடமாவது வைத்திருக்க வேண்டும். வழக்கோ, தணிக்கையோ, பழைய உத்தரவாதமோ, எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

என் யோசனை, எல்லா டேபிளையும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது கமாவால் பிரித்த வரிகளாக எடுத்து இரண்டு இடங்களில் வைத்துவிடலாம். வெறும் உரைக்கோப்பு என்பதால் எந்தக் காலத்திலும் திறக்கும். சர்வரை அப்படியே மெய்நிகர் கணினியாக்கி, அதாவது இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் நகலாக்கி, வைக்கலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். அது தேவையில்லாத சுமை என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிரலி:
உங்கள் சக ஊழியர் சொல்வதுதான் சரி. கோப்பு திறப்பது வேறு, புரிவது வேறு. வாடிக்கையாளர் பார்த்தது டேபிளை அல்ல, பில்லை. அந்தப் பில்லில் இருந்த தொகையைக் கணக்கிட்டது நிரல். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பின்னத்தை முழுமையாக்கியதா, கடைசிக் கூட்டுத்தொகையில் ஒரே தடவையா? தள்ளுபடி கழித்த பிறகு வரியா, அதற்கு முன்பா? இது எதுவும் சிஎஸ்வியில் வராது. வழக்கு என்று வந்தால் “அன்று நீங்கள் கொடுத்த பில் எது?” என்றுதான் கேட்பார்கள். நிரல் ஓடினால்தான் அதைக் காட்ட முடியும்.

பழையகோப்பு:
எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எஸ்க்யூஎல் சர்வர் 2005-க்கு 2016 ஏப்ரலோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டத்தை நெட்வொர்க்கில் இணைக்கவே விடமாட்டார்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் இருந்த இடத்தில் நீங்கள் சொல்வதைத்தான் செய்தோம். ஆறு வருடம் கழித்து ஒரு தகராறுக்காக அந்த மெய்நிகர் கணினியை எழுப்பினோம். திரை வந்தது, கடவுச்சொல் கேட்டது, அதை அறிந்தவர் யாரும் வேலையில் இல்லை. அதை ஒருவழியாகத் தாண்டினால் மென்பொருள் உரிமப் பூட்டைத் தேடியது. அது பழைய கணினியின் பின்னால் செருகியிருந்த சின்னத் துண்டு. கணினியோடு சேர்ந்து எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. மூன்று வாரம் போராடி உள்ளே இருந்த தரவுக் கோப்பை மட்டும் உருவினோம். ஆக, கடைசியில் கையில் மிஞ்சியது டேபிள்கள்தான். அதை முதல் நாளே எடுத்திருக்கலாம்.

கணினிச்சித்தன்:
டேபிளை எடுப்பது சரி, சிஎஸ்வியாக எடுப்பதில்தான் எனக்கு ஆட்சேபம். மதிப்பே பதியாத இடமும், வெற்றாகப் பதிந்த இடமும் அதில் ஒன்றாகிவிடும். முகவரிக்குள் யாராவது என்டர் தட்டியிருந்தால் ஒரு பதிவு இரண்டாக உடையலாம். யாரோ ஒருவர் எக்ஸெலில் திறந்து சேமித்தால் 00417 என்ற வாடிக்கையாளர் எண் 417 ஆகிவிடும். எந்த டேபிள் எதோடு சேரும் என்ற தகவலும் போய்விடும். 400 கோப்பு கையில் இருக்கும், அவற்றை இணைக்கும் சாவி இருக்காது.

இதற்கென்றே சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் உருவாக்கிய சியார்ட் என்ற வடிவம் இருக்கிறது. 2013-இல் அங்கே தரமாகவும் ஏற்கப்பட்டது. ஒரு ஜிப் கோப்பு, உள்ளே எக்ஸ்எம்எல். தரவோடு ஃபீல்டு வகைகள், முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவின் தனி அடையாளம்), அயல் சாவி (வேறு டேபிளோடு இணைப்பது) எல்லாம் சேர்ந்தே வரும். ஒவ்வொரு டேபிளுக்கும் ஃபீல்டுக்கும் விளக்கம் எழுத இடம் உண்டு. எனக்கு அந்த விளக்க இடம்தான் பெரிய விஷயம்.

ஏனென்றால் நான் கையாண்ட ஒரு தரவுத்தளத்தில் ‘முகவரி3’ என்ற ஃபீல்டு முழுக்க 5, 7.5, 12 என்று எண்கள். குப்பை என்று நினைத்துத் தூக்க இருந்தேன். பில் போடும் அம்மா ஒருவர் எதேச்சையாகப் பார்த்துவிட்டு, “அதைத் தொடாதீங்க தம்பி, அதுதான் தள்ளுபடி” என்றார். புதிய ஃபீல்டு சேர்க்க மென்பொருள்காரர் மாதக்கணக்கில் இழுத்தடித்ததால், காலியாக இருந்த முகவரி வரியில் தள்ளுபடி விகிதத்தைப் போட்டு வந்திருக்கிறார்கள், பதினோரு வருடமாக! எந்த ஆவணத்திலும் இது இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நிரலி:
சியார்டிலும் நிரல் ஓடாதே? ஸ்டோர்டு ப்ரொசீஜர்களை, அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்களை, உரையாகத்தான் வைக்கும். அதுவும் கணக்கை அங்கே எழுதியிருந்தால் மட்டும். ஃபாக்ஸ்புரோ திரைக்குப் பின்னால் இருந்த கணக்கு எங்கே போகும்?

கணினிச்சித்தன்:
போய்விடும், மறுக்கவில்லை. அதனால்தான் மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வருடத்துக்கும் சில நூறு பில்களை பிடிஎஃப்/ஏ என்ற, நீண்டகாலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப் வடிவில் எடுத்து, தரவோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன். நாளை யாராவது டேபிளிலிருந்து பில்லைத் திரும்பக் கட்டினால், தொகை பொருந்துகிறதா என்று ஒப்பிடலாம்.

ஏட்டுச்சுவடி:
நீங்கள் மூவருமே ‘வைக்க வேண்டும்’ என்பதிலிருந்து தொடங்குகிறீர்கள். எல்லாவற்றையும் ஏன் வைக்க வேண்டும்? 1997-இல் ஒரே ஒரு தடவை வாங்கியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களுக்கு எதற்கு? ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி, தேவைக்கு மேல் தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் தருகிறது. நீங்களோ மூடி முத்திரையிட்ட கோப்பாக்கி, ஒரு பிட் கூட மாறவில்லை என்று காட்ட செக்சம் என்ற சரிபார்ப்பு எண் போட்டு வைக்கிறீர்கள். நாளை ஒருவரை நீக்க வேண்டுமென்றால் முத்திரையை உடைக்க வேண்டும், எல்லாப் பிரதிகளிலும். எனவே முதல் வேலை கழிப்பது. தனிநபர் விவரத்தைத் தனிப் பொதியாகப் பிரியுங்கள்.

பழையகோப்பு:
பிரித்து வைப்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கழிப்பதில் அவசரப்பட மாட்டேன். ‘முகவரி3’ கதையைப் படித்த பிறகு இன்னும் பயமாக இருக்கிறது.

இன்று சோதனைக்காக வாடிக்கையாளர் டேபிளை எடுத்துப் பார்த்தேன். 2006-க்கு முந்தைய தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பிறகு வந்தவை யுனிகோடு. இரண்டும் ஒரே ஃபீல்டில். போதாததற்கு, நடுநடுவே உண்மையிலேயே ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் உண்டு. மொத்தமாக மாற்றினால் அந்த ஆங்கிலப் பெயர்கள் பாழாகும், மாற்றாமல் விட்டால் இருபது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எழுத்துருவின் பெயர்கூடத் தெரியாது. ‘எந்த எழுத்துரு’ என்று சொல்லும் ஃபீல்டு எதுவும் இல்லை. அதைத் திரைதான் முடிவு செய்திருக்கிறது. நிரலி சொன்னது இந்த இடத்தில் என்னை யோசிக்க வைத்தது.

நிரலி:
அப்படியானால் மூலத்தை மாற்றாமல் அப்படியே வையுங்கள். பக்கத்தில் இன்னொரு ஃபீல்டில் யுனிகோடு வடிவத்தைச் சேருங்கள். எது அசல், எது நீங்கள் மாற்றியது என்று தெரிய வேண்டும். மெய்நிகர் கணினியையும் இரண்டு வருடத்துக்காவது வைத்திருங்கள். கடவுச்சொல்லை எழுதி உறையில் போட்டு, மென்பொருளை நிறுத்தும் முன்பே உரிமப் பூட்டு இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கணினிச்சித்தன்:
பேக்கப் டேப்பில் வைப்பதானால் கவனம். எல்டிஓ என்ற டேப் வகையில் எட்டாம் தலைமுறை டிரைவ் (எல்டிஓ-8) ஆறாம் தலைமுறை டேப்பைப் (எல்டிஓ-6) படிக்காது. தன் தலைமுறையையும் அதற்கு முந்தைய ஒன்றையும் மட்டுமே படிக்கும். பத்து வருடம் அலமாரியில் வைத்துவிட்டு எடுக்கலாம் என்ற கணக்கு செல்லாது.

பழையகோப்பு:
சரி. இரண்டு வருடத்துக்கு மெய்நிகர் கணினி, அதற்கு மேல் கிடையாது. சிஎஸ்வி யோசனையைக் கைவிட்டு சியார்டாக எடுக்கிறேன். எங்கள் கணக்குப் பிரிவில் முதல் நாளிலிருந்து இந்த மென்பொருளில் பில் போடுபவர் ஒருவர் இருக்கிறார். மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். 400 டேபிளின் பட்டியலையும் அச்சடித்துவிட்டேன். திங்கள் காலை அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.