‘நேத்து நான் பெரியவனாயிடுவேன்!’: எங்கள் வீட்டு நோட்டு நிரம்பியது

பிள்ளைகள் பேசுவதை எழுதி வைக்க எங்கள் வீட்டில் ஒரு தடித்த நோட்டு உண்டு. மூத்தவள் பேச ஆரம்பித்த காலத்தில் தொடங்கியது. போன வாரம் அதன் கடைசிப் பக்கமும் நிரம்பிவிட்டது. எனக்கும் மனைவிக்கும் அது பெரிய நாள்தான். தங்கள் பிள்ளைகள் பேசும் வேடிக்கைகளைப் பெற்றோர் பலரும் சொல்லி வருவதால், அந்த நோட்டிலிருந்து சிலவற்றை நானும் சொல்கிறேன். மகளுக்கு இப்போது ஒன்பது வயது, மகனுக்கு நான்கு.

கடைசிப் பக்கத்தைப் பிடித்தவன் சின்னவன். வெளியே கிளம்பும் அவசரத்தில் அவனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். லேஸ் கட்டி முடிக்கும்வரை என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றவன், ரொம்பப் பொறுப்பாகச் சொன்னான்: “அப்பா, நேத்து நான் பெரியவனாயிடுவேன். அப்ப உனக்கு நான் ஷூ மாட்டி விடுறேன்.”

இன்றைக்கு இல்லாத எந்த நாளும் அவனுக்கு ‘நேத்து’தான். போன மாதம் பார்த்த யானையும் நேத்து, வரப்போகிற பிறந்தநாளும் நேத்து. இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். நடந்தது எது, நடக்கப்போவது எது என்று பிரித்துச் சொல்ல இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும். நாங்கள் திருத்தவில்லை. ஒருநாள் அவனே சரியாகச் சொல்லிவிடுவான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும்.

போனில் பாட்டியுடன் அவன் பேசுவது இன்னொரு காட்சி. வீடியோ இல்லாத சாதா போன். “சாப்பிட்டியா கண்ணா?” என்று அந்தப் பக்கம் கேட்கும். இவன் தலையை ஆட்டுவான். “ஹலோ, கேக்குதா?” இன்னும் வேகமாக ஆட்டுவான். “லைன் கட்டாயிடுச்சு போல” என்று பாட்டி சொன்னதும் இவனுக்கு ஒரே கோபம். “நான்தான் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன்ல!” தான் செய்வது எதிராளிக்கும் தெரியும் என்ற நம்பிக்கை அவனிடம் அவ்வளவு உறுதியாக இருக்கிறது.

கண்ணாமூச்சியிலும் இதே கதைதான். அக்கா எண்ண ஆரம்பித்ததும் ஹாலின் நட்டநடுவில் நின்றுகொண்டு, இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொள்வான். அவள் நேராக வந்து தொட்டால் சண்டை. “நான் கண்ணத் தொறக்கவே இல்லையே, நீ எப்படி என்னப் பாத்த?” இதைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் சின்னப் பிள்ளைகளிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். கண்ணை மறைத்துக்கொண்டால் உடம்பு மற்றவர்களுக்குத் தெரியும் என்று பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ‘நான்’ தெரிய மாட்டேன் என்றார்கள். கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் ஒருவர் இன்னொருவரைப் பார்த்ததாகக் கணக்கு. இதைப் படித்த பிறகு என் மகன் சொல்வதில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிந்தது. அக்கா அவன் சட்டையைத்தான் கண்டுபிடித்தாள், அவனை இல்லை!

இப்படிக் குழந்தையைக் கவனித்து எழுதியவர்களில் சார்லஸ் டார்வின் முக்கியமானவர். 1839 டிசம்பரில் அவருக்கு மூத்த மகன் பிறந்தான். பிறந்த ஏழாம் நாளே குழந்தையின் உள்ளங்காலைக் காகிதத்தால் தொட்டு, கால் எப்படி வெடுக்கென்று இழுக்கிறது என்று குறித்து வைத்தார். உடைமேல் கட்டிவிடும் துணியைக் குழந்தையின் முகத்தில் போட்டு எடுத்தபோது குழந்தை குதூகலித்ததை, வயது 110 நாள் என்று கணக்கோடு எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளைக் கட்டுரையாக வெளியிட்டது 1877-இல். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இரண்டரை வயது தாண்டிய பையன் தன் மேலாடையைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வருகிற இடம். என்ன என்று பார்க்கப் போனால் ‘ஒன்றுமில்லை, போ’ என்று அப்பாவையே விரட்டுகிறான். உள்ளே ஊறுகாய்ச் சாற்றுக் கறை!

அதைப் படிக்கும்போது எங்கள் நோட்டில் உள்ள ஒரு பக்கம் உடனே ஞாபகம் வந்தது. ஒரு மத்தியான நேரம். யாரும் எதுவும் கேட்காமலேயே மகன் என் முன்னால் வந்து நின்று, “அப்பா, கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்றான். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். தலைமுடியில் அக்காவின் டிராயிங் பேப்பர் துணுக்கு.

எழுதுவதில் மனைவி ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். மழலையைத் திருத்தக் கூடாது, மெருகு ஏற்றக் கூடாது. வயது வருஷம், மாதத்தோடு இருக்க வேண்டும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் வேண்டும். அன்றைக்கே எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு ராத்திரி தாண்டினாலே நம் வார்த்தை உள்ளே நுழைந்துவிடும். இது நூற்றுக்கு நூறு சரி என்பதுதான் என் கருத்தும். பிள்ளை சொன்னதைவிட அழகான வாக்கியத்தை நாம் எழுதிவிட முடியாது.

நோட்டு நிரம்பிய அன்று ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வயதில் தம்பி வேண்டுமென்று கேட்டவள், “ஆனா பேசுற தம்பிதான் வேணும், அழுற தம்பி வேணாம்” என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். “நானா சொன்னேன்? சும்மா சொல்றீங்க!” என்றாள். அவளுக்கு அது துளிகூட நினைவில் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதையொட்டித்தான் இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். எனக்கு வியப்பாக இருந்தது வேறு. பாட்ரிசியா பாவர், மெரினா லார்கினா என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் தங்கள் அம்மாவோடு பேசிய சம்பவங்களைப் பதிவு செய்து, சில வருஷம் கழித்து அதே சம்பவங்களைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 5 முதல் 7 வயதுவரை 60 சதவீதத்துக்கு மேல் நினைவு இருந்தது. 8, 9 வயதில் அது 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அதாவது மூன்று வயதில் நடந்தது கொஞ்ச காலம் பத்திரமாக இருந்துவிட்டு, பிறகு கரைகிறது. என் மகள் இப்போது நிற்பது சரியாக அந்த வயதில். மகன் அங்கே வந்து சேர்வதற்குள் அவன் ‘நேத்து’க்களை எழுதி முடித்துவிட வேண்டும் என்று எனக்குப் பரபரப்பாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏழு வயதில் மகள் வந்து, “வீட்டுக்கு வர்றவங்க கிட்ட எல்லாப் பக்கத்தையும் படிக்காதீங்கப்பா” என்றாள். எதைப் படிக்கலாம், எது வேண்டாம் என்று அவளே பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தாள். அவள் வேண்டாம் என்ற பக்கங்கள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. இங்கே சொன்னதெல்லாம் அவளிடமும் தம்பியிடமும் கேட்டுவிட்டுச் சொன்னவைதான். பிள்ளையை வைத்து ஊர் சிரிக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது நோட்டு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தை மகள் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் சட்டப்படியே எழுதியிருக்கிறாள்:

“தம்பி. 4 வயசு 2 மாசம். காலைல எழுந்ததும் சொன்னது: அக்கா, உன் கனவுல நான் வந்தேன்ல, அப்ப ஏன் எனக்கு சைக்கிள் தரல? சாட்சி: அம்மா.”

ஒருவர் காணும் கனவு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியும் என்று நினைக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் சொல்லுங்கள். அக்கா பதிலுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.