சர்வேக்கு வந்த பதிலெல்லாம் "மிக நன்று". எங்கே தப்பு செய்கிறேன்?

வணக்கம். லேப்டாப், போன் சர்வீஸ் செய்யும் சின்ன கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச மாதமாகப் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வருவது குறைந்துவிட்டது. காரணம் தெரிந்துகொள்ளலாம் என்று கூகுள் ஃபார்ம்ஸில் 26 கேள்விகள் போட்டு வாட்ஸ்அப்பில் 300 பேருக்கு அனுப்பினேன். பத்து நாளில் வந்தது 14 பதில், அதில் 13 பேர் எல்லாவற்றுக்கும் "மிக நன்று". திறந்தால் லாகின் கேட்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். முதல் மூன்று கேள்விகள் இவை:

1. பெயர், போன் நம்பர் (கட்டாயம்)
2. எங்கள் தரமான சேவை உங்களுக்கு எப்படி இருந்தது? மிக நன்று / நன்று / பரவாயில்லை
3. வேலையின் வேகமும் விலையும் திருப்தியா? ஆம் / இல்லை

பதில் 1
லாகின் விஷயம் சுலபம். செட்டிங்ஸில் ஒருவர் ஒரு பதில்தான் தரலாம் என்ற கட்டுப்பாட்டை ஆன் செய்திருப்பீர்கள், அதைப் போட்டால் கூகுள் கணக்கு இல்லாமல் ஃபார்ம் திறக்காது. எங்காவது ஃபைல் அப்லோட் கேட்டிருந்தாலும் இதே கதைதான்.

கேட்டவர்
ஆமாம், இரண்டுமே இருக்கிறது! பில் போட்டோ கேட்டிருந்தேன். இப்போதே எடுத்துவிடுகிறேன்.

பதில் 2
லாகின் போனாலும் அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு உண்மை வெளியே வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள். "தரமான சேவை" என்று நீங்களே சொல்லிவிட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், வந்தவர் என்ன செய்வார்? அதைவிட, மோசம் என்று சொல்ல அதில் ஒரு கட்டம்கூட இல்லை. 1932ல் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மக்களின் கருத்தை அளக்க எழுதிய அளவுகோலை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதில் ஒத்துக்கொள்வதற்கு எத்தனை படியோ மறுப்பதற்கும் அத்தனை படி, நடுவில் ஒன்று. உங்கள் தராசு ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது.

மூன்றாவதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலை சரி, ஆனால் தாமதம் என்று நினைப்பவர் எதை டிக் செய்வார்? பிரித்துவிடுங்கள். பெயரும் நம்பரும் வேண்டவே வேண்டாம், தெரிந்த கடைக்காரரிடம் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

அப்புறம் அபிப்பிராயம் கேட்பதைவிட நடந்ததைக் கேளுங்கள். "கடைசியாக நீங்கள் கொடுத்த பொருள் சொன்ன நாளில் கிடைத்ததா?" என்றால் யோசிக்காமல் பதில் வரும். 26 கேள்வி அதிகம், போனில் விரலால் தள்ளித் தள்ளி யாரும் முடிக்க மாட்டார்கள். பாதியில் விட்டவர்களின் பதில் உங்கள் கணக்கிலும் வராது. ஐந்துக்குள் நிறுத்துங்கள், ஒன்றை மட்டும் எழுதும் கேள்வியாக விடுங்கள்.

பதில் 3
ஒரு டிஸ்கவுண்ட் கூப்பன் கொடுத்தால் 300 பேரும் நிரப்புவார்கள்.

பதில் 4
நிரப்புவார்கள், கூப்பனுக்காக. 1936ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியும், லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ஆனால் எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ ஜெயித்தார். தவறான பட்டியலுக்கு அனுப்பியதும், அனுப்பியவர்களில் யார் பதில் போட்டார்கள் என்பதும்தான் அதைக் கவிழ்த்தது. உங்கள் கேள்வி "ஏன் திரும்பி வரவில்லை" என்பது. வந்துகொண்டிருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஆறு மாதமாக வராதவர்களை மட்டும் பிரித்தெடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் கடைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேரை உங்கள் எதிரில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள், எங்கே தயங்குகிறார்களோ அந்தக் கேள்வி சரியில்லை.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. நான்கு கேள்வியாகக் குறைத்து, பெயர் கேட்காமல், வராமல் போன 40 பேருக்கு அனுப்பினேன். நான்கு நாளில் 17 பதில். 9 பேர் எழுதியது ஒரே விஷயம்: தாமதம் பரவாயில்லை, ஆனால் தாமதமாகும் என்று யாரும் போன் செய்து சொல்லவில்லை. இத்தனை நாளும் விலைதான் காரணம் என்று நினைத்து விலையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். இனி சொன்ன தேதி தள்ளினால் முந்தின நாளே போன் செய்துவிடுவேன். அந்த 9 பேர் யார் என்று தெரியாதே, எப்படிச் சொல்வது?

பதில் 4
40 பேருக்கும் அனுப்புங்கள். என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி போதும். அதோடு கூப்பனோ விளம்பரமோ சேர்க்காதீர்கள்.