ஆக்‌ஷன் படங்களைத் தாண்டிப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

செகண்ட்ஷோ:
சின்ன வயதிலிருந்தே நான் பார்ப்பது பெரும்பாலும் ஆக்‌ஷன் படங்கள்தான். கைதி, விக்ரம், ஜான் விக் வரிசை, இந்தோனேசியாவிலிருந்து வந்த தி ரெய்டு, எல்லாமே திரும்பத் திரும்பப் பார்த்தவை. அவை சலித்துவிட்டன என்று சொல்ல வரவில்லை, இன்னமும் பிடிக்கும். ஆனால் வேறு மாதிரிப் படங்களையும் ரசித்துப் பார்க்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஆசை, மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. உலக சினிமா பட்டியல் ஏதாவது ஒன்றைத் திறந்து முதலில் இருக்கிற படத்தைப் போட்டால் அரை மணி நேரத்தில் கை போனைத் தேடப் போய்விடுகிறது. எதில் தொடங்கினால் உள்ளே இழுக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேனிக்காரன்:
ஆக்‌ஷன் படம் பார்ப்பவருக்கு ரசனை இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தி ரெய்டு படத்தில் அந்த அடுக்குமாடிக்குள் யார் எந்தப் பக்கம் நிற்கிறார், எங்கிருந்து அடி வரும் என்று தொடர்ந்து பார்த்த கண் உங்களுடையது, அதை வைத்துக்கொண்டு எந்தப் படத்துக்குள்ளும் போகலாம். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆக்‌ஷன் படத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று யோசியுங்கள். பழிவாங்கல் பிடிக்குமா? அப்படியென்றால் திலீஷ் போத்தனின் மகேஷிண்டே பிரதிகாரம் (2016, மலையாளம்). இடுக்கியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு போட்டோகிராபர் கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் அடி வாங்குகிறார், திருப்பி அடிக்கும் வரை செருப்பே போடமாட்டேன் என்று சபதம் எடுக்கிறார். கதை இவ்வளவுதான். ஆனால் அடித்தவன் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது? நடுவில் வாழ்க்கை நடக்கத்தானே செய்யும்! அந்த ‘நடுவில்’தான் படமே. சண்டையும் உண்டு, நம் தெருவில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தமிழில் நிமிர் என்று எடுத்தார்கள், நீங்கள் மலையாளத்திலேயே பாருங்கள்.

ரஜினி பிடிக்கும் என்றால் முள்ளும் மலரும் (1978). மின்நிலையத்தில் விஞ்ச் (கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் இயந்திரம்) இயக்கும் காளி, அவன் திமிர், அவன் தங்கை, புதிதாக வரும் இன்ஜினியர். நம் பழக்கத்துக்கு அந்த இன்ஜினியர் வில்லனாகத்தான் இருக்க வேண்டும் என்று காத்திருப்போம், ஆனால் அவர் செய்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். காளியின் கோபத்திலும் நியாயம் இருக்கும். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கும்போது இயக்குநர் மகேந்திரன் உங்களைப் பிடித்துவிடுவார்.

பால்கனி:
தேனிக்காரன் சொன்ன வழியிலேயே இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் செவன் சாமுராய் (1954) மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, பயப்படாதீர்கள், ஆள் சேர்ப்பதும் ஊரைக் காக்கத் திட்டம் போடுவதும் போர் நடப்பதுமாக உங்களுக்குத் தெரிந்த இலக்கணம்தான். அதில் தலைவராக வரும் தகாஷி ஷிமுராவின் முகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 2 வருடம் முன்பு அதே இயக்குநரின் இகிரு படத்தில் அவர்தான் நாயகன், வயிற்றுப் புற்றுநோய் வந்த நகராட்சி அலுவலர். குழந்தைகளுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று கேட்டு வரும் பெண்களை அந்த அலுவலகத்தில் இந்த மேசைக்குப் போ, அந்த மேசைக்குப் போ என்று விரட்டுவார்கள், நம் ஊர் அலுவலகம் எதையாவது பார்த்தவருக்கு அந்தக் காட்சி போதும். பின்னால் ரவுடிகள் வந்து அவரை மிரட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அவர் கையே ஓங்கமாட்டார், சும்மா அவர்களைப் பார்ப்பார். எத்தனையோ மிரட்டல் காட்சி பார்த்த எனக்கு அதற்கு இணையாக ஒன்று இன்று வரை கிடைக்கவில்லை.

அப்புறம், ஈரானியப் படமான எ செப்பரேஷன் (2011). அஸ்கர் ஃபர்ஹாதி எடுத்தது, ஆஸ்கர் வாங்கியது. ஆக்‌ஷன் படத்தில் நூறு பேர் தள்ளிவிடப்படுவார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதில் கோபத்தில் ஒருவர் வேலைக்கு வந்த பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளுகிறார், ஒரே ஒரு முறை. அவள் கர்ப்பிணி என்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த ஒரு தள்ளலை வைத்து இரண்டு குடும்பங்களும் ஒரு விசாரணை அறையும் சுழல்கின்றன. மனைவியோடு பாருங்கள், முடிந்ததும் இருவரும் வெவ்வேறு பக்கம் நின்று வாதாட வாய்ப்பு அதிகம்.

நூலகப்பூனை:
எல்லாம் நல்ல படங்கள்தான், ஆனால் இத்தனை படிக்கட்டு எதற்கு? கூழாங்கல் படத்தை நேரடியாகப் போடுங்கள். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகாரத் தகப்பனும் மகனும் கொதிக்கிற வெயிலில் நடக்கிறார்கள். அந்த மனிதரின் உடம்பில் இருக்கும் வன்முறை எந்த ஸ்டண்ட் காட்சிக்கும் குறையாது, ஸ்லோமோஷன் இல்லாமலேயே பயம் வரும். ஒரே நிபந்தனை, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, நல்ல ஒலியில் பாருங்கள்.

தேனிக்காரன்:
@நூலகப்பூனை நிபந்தனையை ஒப்புக்கொள்கிறேன், படத்தை இப்போது வேண்டாம் என்பேன். கூழாங்கல் எனக்கு உயிர், அதனால்தான் சொல்கிறேன். வெட்டு வெட்டாக ஓடும் எடிட்டிங்குக்குப் பழகியவர் அந்த நீண்ட ஷாட்களுக்கு முன்னால் திடீரென்று உட்கார்ந்தால் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று எழுந்து போய்விடுவார், பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார். ஐந்தாறு படம் கழித்துப் பார்த்தால் அந்த மௌனமே அவருக்குக் கதை சொல்லும்.

செகண்ட்ஷோ:
எல்லாருக்கும் மிக்க நன்றி. மகேஷும் முள்ளும் மலரும் படமும் இந்த வாரமே. ஒரு சந்தேகம், சப்டைட்டில் படித்துக்கொண்டே முகத்தையும் பார்ப்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது, பாதி எழுத்தில் போய்விடுகிறது. மனைவிக்கும் அப்படித்தான். பழக்கத்தில் சரியாகிவிடுமா?

பால்கனி:
நிச்சயம் சரியாகும். அதுவரை பேச்சு குறைவான படமாக எடுங்கள். எ செப்பரேஷன் முழுக்க வாக்குவாதம், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மஜித் மஜிதியின் சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997) முதலில். தங்கையின் செருப்பை அண்ணன் தொலைத்துவிட, ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். கடைசியில் ஓட்டப்பந்தயம், மூன்றாம் பரிசுதான் ஜோடி ஷூ, அதனால் பையனுக்கு முதலிடம் வேண்டாம், மூன்றாவதாக வர வேண்டும். எந்த க்ளைமாக்ஸ் துரத்தலிலும் வராத பதைப்பு அதில் வரும், சப்டைட்டிலை மறைத்தாலும் புரியும்.

ஆங்கிலம் காதுக்குப் பழக்கம் என்றால் 12 ஆங்க்ரி மென் (1957). 96 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை, ஒரு கொலை வழக்கில் தீர்ப்பை முடிவு செய்ய உட்கார்ந்த 12 ஜூரிகள். சிட்னி லுமெட் ஆரம்பத்தில் கேமராவைக் கண் மட்டத்துக்கு மேலே வைத்திருப்பார், போகப் போகக் கீழே இறக்குவார், லென்ஸையும் மாற்றிக்கொண்டே வருவார், அறை சுருங்குகிற மாதிரியே இருக்கும். சண்டைக்காட்சியில் கேமரா எங்கே நிற்கிறது என்று கவனிப்பவர் நீங்கள், இதையும் கவனித்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள், எந்த இடத்தில் மூச்சு முட்டத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.